வழி மாறிய நற்பொருள்

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பர். அளவு மிஞ்சாவிடினும், செல்லும் வழி மாறினால் நற்பொருளும் நஞ்சாகும். இவ்வுண்மையை அமெரிக்க நாடு 2019-ஆம் ஆண்டில் பெருந்துயரின் வாயிலாக அறிந்தது.

அவ்வாண்டின் கோடைக்காலத்தில் அந்நாட்டு மருத்துவமனைகளுக்கு இளைஞர் பலர் இருமலும் நெஞ்சுவலியும் மூச்சுத்திணறலும் கொண்டு வந்து சேர்ந்தனர். நோய்க்கிருமி எதுவும் காரணமாகத் தென்படவில்லை. அவர்கள் அனைவரும் மின்புகைக் கருவியைக் கையாண்டவர்கள். அவர்களுள் பெரும்பாலோர் கஞ்சா எண்ணெயை அக்கருவியில் சூடாக்கி, எழுந்த புகையை உள்ளிழுத்தவர்கள்.

கஞ்சா எண்ணெய் தடித்தது, விலை மிக்கது. கள்ளச் சந்தையினர் அதனுடன் மலிவான பொருளைக் கலந்து பெருக்க விரும்பினர். எண்ணெய் நீர்த்துவிட்டால் கலப்படம் வெளிப்பட்டுவிடும் அன்றோ? ஆதலின், தடிப்பில் அதனை ஒத்த 'வைட்டமின் ஈ அசிட்டேட்' என்னும் பொருளைச் சேர்த்தனர். இது சத்து மாத்திரைகளிலும் தோற்களிம்புகளிலும் இடம்பெறுவது. உண்டால், குடலில் இதன் அசிட்டேட்டுப் பகுதி நீங்க, வைட்டமின் உடலிற் சேரும்.

நுரையீரலோ எண்ணெயைச் செரிக்கும் உறுப்பன்று. அதன் கோடிக்கணக்கான காற்று நுண்ணறைகளின் உட்புறத்தே மெல்லிய நீர்மப் படலம் ஒன்று படர்ந்துள்ளது. மூச்சு வெளியேறும்போது அவ்வறைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளாதவாறு காப்பது அப்படலமே. எண்ணெய்த் தன்மையுள்ள அந்த அசிட்டேட்டு அதில் கலந்து, அதன் காக்கும் ஆற்றலைக் கெடுக்கக்கூடும் என அறிவியலார் கருதுகின்றனர். மேலும், அதனை மிகுதியாகச் சூடாக்கினால் 'கீட்டீன்' என்னும் நச்சுவாயு தோன்றுவதை ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டின.

நோயுற்ற 51 பேரின் நுரையீரலைக் கழுவி எடுத்த நீரை ஆய்ந்தபோது, 48 பேரிடம் அப்பொருள் காணப்பட்டது. நோயற்ற 99 பேரிடம் ஒருவரிடமும் அது காணப்படவில்லை. பிற பொருள்களின் பங்கு முற்றிலும் மறுக்கப்படவில்லையெனினும், முதன்மையான ஐயம் இதன் மேலேயே நிலைத்தது. 2020 பிப்ரவரி வரை 2,807 பேர் இந்நோய்க்கு ஆளானதாகப் பதிவாயிற்று. அவர்களுள் 68 பேர் மாண்டனர்.

ஒரு பொருள் தீங்கற்றது என்று கூறுவது மட்டும் போதாது. எவ்வழியாக உடலுள் செல்லும்போது தீங்கற்றது என்றும் ஆராய்தல் வேண்டும். வயிறு ஏற்பதனையெல்லாம் நுரையீரல் ஏற்பதில்லை. அதற்கு உரிய உணவு தூய காற்று ஒன்றே.