கழல வேண்டிய நேரத்தில் கழலும் பூட்டு

கல்லடியிலும் மட்டக்களப்பின் மற்ற ஊர்களிலும் இருந்து சுவிஸுக்குப் போய்க் குடியேறியவர்களின் பிள்ளைகள், அங்கே பள்ளிக்கூடத்தோடு பனிச்சறுக்கு முகாமுக்குப் போகிறார்கள். பனியையே காணாமல் வளர்ந்த பெற்றோருக்கு, சப்பாத்தையும் ஸ்கீப் பலகையையும் பிணைக்கும் பைண்டிங் எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு பாதுகாப்பு என்று தோன்றும். ஆனால் காலைக் காப்பது அது கழலும் விதம்தான். பலகையின் நுனி பனியில் மாட்டினால் பலகை நெம்புகோலாகிக் காலை முறுக்கும். விறைத்த சப்பாத்து அந்த முறுக்கை அப்படியே கீழ்க்கால் எலும்புக்கு ஏற்றிவிடும். 1937இல் அமெரிக்காவின் மவுண்ட் ஹூட் மலையில் கால் முறிந்த ஹியால்மர் ஹ்வாம் என்ற நோர்வேக்காரர், ஆஸ்பத்திரியில் கிடந்தபடியே கழலும் பைண்டிங் ஒன்றை யோசித்தார். இன்றைய பைண்டிங்கில், முறுக்கு எல்லை மீறும்போது முன்பிடி பக்கவாட்டில் விலகும். முன்னால் விழும்போது குதிப்பிடி மேலே திறக்கும். இரண்டிலும் சின்னச் சாளரம் ஒன்றில் ஓர் எண் தெரியும். திருகாணியைத் திருப்பினால் உள்ளே சுருள்வில் இறுகி எண் ஏறும். எந்த எண் என்பதை ஆளின் நிறை, உயரம், வயது, சறுக்கும் திறன், சப்பாத்து அடியின் நீளம் ஆகியவை தீர்மானிக்கின்றன. அடி நீண்டால் எண் குறையும். எலும்பில் அதே முறுக்கு விழும்போது, நீண்ட சப்பாத்தின் நுனியில் குறைந்த விசையே உண்டாகிறது.

ஓடிக்கொண்டிருக்கும்போது கழன்றால் அதுவும் ஆபத்துத்தானே என்று கேட்கலாம். ஆபத்துத்தான், செங்குத்துச் சரிவில் பெரிய ஆபத்து. அதனால்தான் நல்ல பைண்டிங் சில மில்லிமீட்டர் விலக விட்டு, குலுக்கல் அடங்கியதும் சப்பாத்தைத் திரும்ப நடுவுக்கு இழுத்துக்கொள்கிறது. பயத்தில் எண்ணை ஏற்றுவது, அடிக்கடி எரிகிறதென்று பியூஸுக்குத் தடித்த கம்பி போடுவதைப் போன்றது. இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது: கீழ்க்கால் முறிவுகள் 1970களுக்குப் பிறகு வெகுவாகக் குறைந்தும் முழங்கால் தசைநார் கிழிவது ஓயவில்லை. பின்பக்கம் சாய்ந்து விழும்போது பலகையின் வால் முழங்காலை முறுக்குகிறது. வழக்கமான பைண்டிங் அதை உணராமலே போகலாம். எலும்பைக் காக்க வந்த கருவி முழங்காலையும் காக்கும் என்று நம்பக் கூடாது. ஆனால் அந்தக் குறைக்காக, எலும்புக்குக் கிடைத்த காவலை இறுக்கித் தொலைப்பதில் நியாயமில்லை.

சுவிஸின் விபத்துத் தடுப்பு நிறுவனம் பைண்டிங்கை ஆண்டுதோறும் கடையில் கொடுத்துச் சரிபார்க்கச் சொல்கிறது. வளரும் பிள்ளைக்கு ஒரு வருடத்தில் நிறையும் மாறும், சப்பாத்தும் மாறும். அண்ணனின் ஸ்கீயைத் தம்பிக்குக் கொடுக்கும் வீட்டில், அண்ணனின் எண்ணும் அதோடு சேர்ந்து போய்விடுகிறது.