ஒரே பறவை, இரண்டு வகை அலகு

பூந்தேன் குடிக்கும் பறவையின் அலகு, அது நாடும் பூவின் குழலுக்குள் கச்சிதமாகப் பொருந்துவது உலகெங்கும் காணப்படுகிறது. பூவுக்கேற்ப அலகு மாறியதா, அலகுக்கேற்பப் பூ மாறியதா? இரண்டுமே நடந்திருக்கின்றன என்பதற்கு, கரீபியக் கடலின் கிழக்குத் தீவுகளில் வாழும் ஊதாத் தொண்டை ஹம்மிங் பறவை நல்ல சான்று. கருத்த உடல், பச்சை இறக்கை, வெயில் பட்டால் செவ்வூதாவாகச் சுடரும் தொண்டை என நிறத்தில் ஆணும் பெண்ணும் ஒன்றுபோலவே இருக்கும். ஆண்தான் உடலில் பெரியது. ஆனால் பெண்ணின் அலகு ஆணுடையதைவிட ஏறத்தாழ 30 சதவீதம் நீளம், வளைவிலும் சுமார் இரு மடங்கு. வெவ்வேறு இனங்களை ஒப்பிட்டால், வேறுபாட்டுக்கு வம்சாவளியே காரணம் என்று சொல்லிவிடலாம். ஒரே இனத்துக்குள், ஒரே காட்டில் அந்த விளக்கம் செல்லாது.

விடை, வாழைக்கு உறவான ஹெலிகோனியாச் செடிகளில் இருக்கிறது. கரிபியா என்ற வகையின் பூக்கள் குட்டையானவை, அதிகம் வளையாதவை. ஒரு குலையில் நிறையப் பூப்பவை. ஆண் அந்தப் புதரைத் தன் எல்லையாக்கிக்கொண்டு மற்றவற்றை விரட்டுகிறது. பிகாய் என்ற வகையின் நீண்டு வளைந்த பூக்களைப் பெண் நாடுகிறது. சண்டையில் வெல்லவே ஆணின் உடல் மாறியிருக்கலாமே என்று கேட்கலாம். உடற்பருமனுக்கு அது பொருந்தும். பெண்ணின் அலகு வளைந்ததற்குப் பொருந்தாது. இதைவிட வலுவான பதிலைச் செடிகளே தருகின்றன. ஈதன் டெமெலெஸ், ஜான் கிரெஸ் ஆகிய இருவரும் 2003இல் வெளியிட்ட ஆய்வின்படி, செயின்ட் லூசியா தீவில் கரிபியா அரிதான இடங்களில், ஆணின் அலகுக்குப் பொருந்தும் பூக்களுடன் பிகாயில் இன்னொரு நிறவகை தோன்றியிருக்கிறது. டொமினிக்காவில் நிலைமை தலைகீழ்: பிகாய் அரிதான இடங்களில் கரிபியாவின் இன்னொரு நிறவகை பெண்ணின் அலகுக்கேற்ற பூக்களைத் தருகிறது. இவ்விரு செடிகளுக்கும் அங்கே மகரந்தம் சேர்ப்பது இந்தப் பறவை மட்டுமே என்பதால், பறவையின் வசதி செடியின் பிழைப்பாகிவிடுகிறது.

இந்தப் பறவைகள் வேறு பூக்களிலும் தேன் குடிக்கின்றன, பூச்சியும் பிடிக்கின்றன. அப்படியிருக்க இதைத் தனித்தேர்ச்சி என்பது சரியா என்ற ஐயம் எழலாம். தனித்தேர்ச்சி என்றால் ஒரே பூவோடு கட்டுண்டு கிடப்பது என்று பொருளல்ல. பொருத்தமான பூவில் தேன் விரைவாகக் கிடைக்கிறது. அந்தரத்தில் சிறகடித்து நின்று குடிக்கும் உயிருக்கு மிச்சமாகும் ஒவ்வொரு நொடியும் ஆற்றல். அந்தச் சிறு ஆதாயம் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்தே அலகை வளைக்கிறது, பூக்குழலை நீட்டுகிறது. ஆகவே இந்தப் பறவையைக் காக்க விரும்புவோர் இரண்டு ஹெலிகோனியாக்களையும் காத்தாக வேண்டும். ஒன்று மட்டும் எஞ்சினால், இனத்தின் ஒரு பாதிக்கு ஏற்ற பந்தி குறைந்துபோகும்.