பேர் தெரியும் முன்பே நெருக்கம்

பிரிட்டனில் பெரியவர்கள் எதையாவது கற்றுக்கொள்ளச் சேரும் வகுப்புகள் உண்டு. அவற்றில் சேர்ந்திசை, கைவினை, கதை எழுதுதல் என மூன்று வகை வகுப்புகளை ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் ஏழு மாதம் கவனித்தார்கள். கூட இருப்பவர்களோடு எவ்வளவு நெருக்கம் என்று அவ்வப்போது கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். 2015இல் முடிவு வெளியானது. கடைசியில் மூன்று வகுப்பிலும் நெருக்கம் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் பாடியவர்கள் ஆரம்பத்திலேயே ஒட்டிக்கொண்டார்கள். மற்றவர்களுக்கு மாதங்கள் பிடித்தன.

இதற்கு அந்த ஆய்வாளர்களில் ஒருவரான ராபின் டன்பார் சொல்லும் காரணம் குரங்கிலிருந்து தொடங்குகிறது. குரங்குகள் ஒன்றுக்கொன்று பேன் பார்த்தே உறவு வளர்க்கின்றன. அப்போது மூளையில் எண்டார்பின் என்ற வேதிப்பொருள் சுரக்கிறது. சிக்கல் என்னவென்றால், ஒரு நேரத்தில் ஒரு தலைக்குத்தான் பேன் பார்க்க முடியும். பாட்டில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. எண்டார்பினை நேரடியாக அளப்பது கடினம். அது வலியையும் மட்டுப்படுத்தும் என்பதால், ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கையில் இறுக்கி, எப்போது “போதும்” என்கிறார்கள் என்று பார்க்கிறார்கள். லண்டன் பாடகர் குழு ஒன்றில் அப்படிச் சோதித்தபோது, சிறு குழுவாகப் பாடினாலும் 232 பேர் கூடிப் பாடினாலும் வலி தாங்கும் அளவு கூடியது. நெருக்க உணர்வோ, முன்பின் அறியாதவர்கள் நிறைந்த பெருங்கூட்டத்தில்தான் அதிகம் ஏறியது!

சேர்ந்து பாடும்போது ஒருவருக்கொருவர் உதவுவதும் உண்டு. உதவியை நினைத்துப் பார்க்கும் நன்றியுணர்வு பற்றிய ஆய்வுகள் வேறு வழியில் போகின்றன. உளவியலாளர்கள் எம்மன்ஸும் மெக்கல்லாவும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், வாரந்தோறும் நன்றிக்குரியவற்றை எழுதியவர்கள், எரிச்சல்களை எழுதியவர்களைவிட வாழ்க்கையில் நிறைவாக உணர்ந்தார்கள். அங்கே யாருக்கு, எதற்கு நன்றி என்பது தெரியும். சேர்ந்து பாடுபவர்களுக்கு அது தெரியாது. நீண்ட சுரத்தில் எல்லோரும் ஒரே சமயம் மூச்சு வாங்கினால் ஒலி அறுந்துபோகும். அதனால் மாற்றி மாற்றி வாங்குகிறார்கள். இரட்டை நாதஸ்வரத்திலும் ஒருவர் மூச்செடுக்கும் இடத்தை மற்றவர் நிரப்புவார். ஆனால் பலர் பாடும் சேர்ந்திசையில் என் மூச்சுக்கு யார் இடம் கொடுத்தார் என்று கடைசிவரை தெரியாது. இந்தப் பேரில்லாத உதவியை ஆய்வாளர்கள் இன்னும் கொஞ்சம் துருவலாம் என்பது என் எண்ணம்.

ஒரு சந்தேகம் நியாயமானது. பாட்டு வகுப்புக்குத் தாமாக வருகிறவர்கள் முதலிலேயே கலகலப்பானவர்களாக இருக்கலாமே? அதனால் 2018இல் வெளியான லண்டன் ஆய்வு ஒன்று எனக்கு முக்கியமாகப் படுகிறது. பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வு அறிகுறி கொண்ட 134 தாய்மார்களைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தார்கள்: குழந்தையோடு கூடிப் பாடுவோர், கூடி விளையாடுவோர், வழக்கமான கவனிப்பு மட்டும் பெறுவோர். பத்து வாரத் திட்டம். சோர்வு மிதமாகவோ கடுமையாகவோ இருந்த தாய்மார்களில், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களைவிடப் பாடியவர்கள் சீக்கிரம் தேறினார்கள். விளையாட்டுக் குழுவோடு ஒப்பிட்டால் தெளிவான வித்தியாசம் இல்லை. இங்கும் பாட்டின் பலன் வேகத்தில்தான் தெரிந்தது. கைக்குழந்தையோடு தூக்கம் கெட்டுக் கிடப்பவளுக்குச் சில வாரம் முன்னதாகத் தேறுவது சின்ன விஷயமில்லை.