வண்டி ஓடுகிறது, கியர் மாறவில்லை!

அமெரிக்காவில் குடும்பத்தோடு வாழும் உங்கள் மகனோ மருமகனோ தொலைபேசியில் பேசும்போது, "வேனில் டிரான்ஸ்மிஷன் போய்விட்டது" என்று மனம் நொந்து சொன்னால், இங்கிருக்கும் நமக்கு அது பெரிய செய்தியாகப் படுவதில்லை. டாலரில் ஊதியம் பெறுகிறவருக்கு ஒரு வண்டிப் பழுது பெரிய சுமையா என்றே எண்ணுகிறோம். உண்மையில் அது ஒரு குடும்பத்தின் மாத வரவு செலவையே புரட்டிப்போடக்கூடிய பழுது. பத்தாண்டு ஓடிய வேனில் கியர் பெட்டியை மாற்ற ஆகும் செலவு பல ஆயிரம் டாலர். பல வேளைகளில் அந்த வேனையே விற்றாலும் அத்தொகை கிடைக்காது!

அந்நாட்டின் பெரும்பாலான ஊர்களில் பள்ளிக்கூடம், கடைத்தெரு, மருத்துவமனை, பள்ளிவாசல் எதற்கும் நடந்து செல்ல இயலாது; பேருந்தும் அரிது. பிள்ளைகள் மூவர் நால்வர் இருந்து, ஊரிலிருந்து உம்மாவும் வாப்பாவும் வந்து தங்கினால், சாதாரணக் காரில் இடம் போதாது. இத்தகைய குடும்பங்களுக்காகவே கிரைஸ்லர் நிறுவனம் 1983 நவம்பரில் டாட்ஜ் கேரவன், பிளிமத் வாயேஜர் என்னும் மினிவேன்களை உருவாக்கத் தொடங்கியது. அரசின் கடன் உத்தரவாதத்தால் உயிர் பிழைத்திருந்த அந்நிறுவனத்தை நிமிர்ந்து நிற்க வைத்தவற்றுள் இவ்வண்டிகளும் அடங்கும். மற்ற நிறுவனங்களும் அவ்வழியே வந்தன.

கையால் கியர் மாற்றும் வண்டியை நீங்கள் ஓட்டியிருந்தால், கிளட்ச் தேய்வதைக் கால் உணர்ந்துவிடும் என்பதை அறிவீர்கள். மேடு ஏறும்போது என்ஜின் இரையும், வண்டி நகராது. பிளேட்டை மாற்றினால் தீர்ந்தது. தானியங்கிக் கியரின் நிலை வேறு. அதில் என்ஜினுக்கும் சக்கரத்துக்கும் இடையே நிற்பது எண்ணெய். என்ஜினின் சுழற்சியைக் கடத்துவதும், உள்ளேயிருக்கும் பல சிறு கிளட்ச்சுகளை அழுத்திப் பிடிப்பதும், அங்கு உண்டாகும் சூட்டைச் சுமந்து வெளியேற்றுவதும் அந்த ஒரே எண்ணெய்தான். எண்ணெய் கெட்டால் மூன்று வேலையும் கெடும். ஓட்டுபவர் கைக்கும் காலுக்கும் எதுவும் தெரியாது. தெரியும் நாளில் பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். உரிமையாளரின் ஆத்திரத்துக்கு முதற்காரணம் இதுவென்றே நான் கருதுகிறேன்.

மினிவேனுக்கு இத்துன்பம் மிகுதியாக வருவதற்கும் காரணம் உண்டு. ஏழு பேரும் மூட்டை முடிச்சும் ஏறிய வண்டியின் எடை 2 டன்னைத் தாண்டும். கியர் பெட்டியோ, கார்களுக்கென வடிவமைத்து, முன்பக்கத்தில் என்ஜினோடு சேர்த்து நெருக்கமாகப் பொருத்தப்பட்டது. எடை கூடினால் சூடு கூடும். சூடு எண்ணெயைக் கொல்லும்.

இருவேறு நிறுவனங்களின் வரலாறு இதை நன்கு விளக்கும். கிரைஸ்லர் 1989-ஆம் ஆண்டு மாடலில், கணினியால் இயங்கும் நான்கு கியர் கொண்ட 'அல்ட்ராடிரைவ்' என்னும் பெட்டியை அறிமுகப்படுத்தியது. பொறியியல் நோக்கில் அது காலத்தை முந்திய படைப்பு, உரிமையாளர்களுக்கோ பெருந்தலைவலி. அதற்கெனத் தனியாக ஓர் எண்ணெய் தேவைப்பட்டது. ஆனால் நிறுவனத்தின் ஆரம்பகால வழிகாட்டுதலோ, அது கிடைக்காவிடில் கடைகளில் எளிதில் கிடைத்த டெக்ஸ்ரான் எண்ணெயையும் ஊற்றலாம் என இடங்கொடுத்தது. நம்பி ஊற்றியவர்களின் வண்டிகள் நடுங்கின. பல பெட்டிகள் பழுதாயின. சொன்னபடி செய்தவருக்கே தண்டனை கிடைத்தது என்றால் எவருக்குத்தான் கோபம் வராது?

மற்றொன்று, தரத்துக்குப் பெயர் பெற்ற ஹோண்டா. அதன் ஒடிசி மினிவேனில் 1999 முதல் 2001 வரையிலான மாடல்களுக்குக் கியர் பெட்டியின் உத்தரவாதத்தை 7 ஆண்டு அல்லது 1,00,000 மைல் என நீட்டிக்க நேர்ந்தது. 2004-இல் ஒடிசி உள்ளிட்ட சுமார் 11 இலட்சம் வாகனங்களைத் திரும்ப அழைத்தது. இரண்டாம் கியரில் சூடேறிப் பற்கள் உடைந்து, ஓடும்போதே பெட்டி இறுகிவிடக்கூடும் என்பதே காரணம். 15,000 மைலுக்கு உட்பட்டவற்றில் அந்தக் கியரின்மீது எண்ணெய் பீய்ச்சும் அமைப்பைப் பொருத்தினர். அதற்கு மேல் ஓடியவற்றில் கியர் சூட்டால் நிறம் மாறியிருக்கிறதா எனப் பார்த்த பிறகே முடிவு செய்தனர்.

சட்டம் காக்காதா என்று நீங்கள் கேட்கலாம். பழுதுபட்ட வண்டியை விற்ற நிறுவனத்தைப் பொறுப்பாக்கும் 'லெமன்' சட்டத்தைக் கனெக்டிகட் மாநிலம் 1982-இல் முதலில் இயற்றியது. பிற மாநிலங்களும் பின்பற்றின. ஆயினும் அவை பெரிதும் புதிய வண்டிகளுக்கே உரியவை. கட்டாயத் திரும்ப அழைப்போ பெரும்பாலும் பாதுகாப்புக்குக் கேடான குறைக்கே உண்டு. ஓடும்போது பெட்டி இறுகுவது பாதுகாப்புக் குறை. காலத்துக்கு முன்பே தேய்ந்து கியர் வழுக்குவது பெரும்பாலும் வெறும் செலவாகவே எண்ணப்படும். எனினும் வண்டியின் 17 எழுத்து அடையாள எண்ணைக் கொண்டு, செய்துகொள்ளப்படாத திரும்ப அழைப்பு ஏதும் உண்டா என அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறையிடம் இலவசமாகப் பார்க்கலாம். பழைய வேன் வாங்குகிறவர் இதை முதலில் செய்யட்டும்.

இனி, மிகவும் பயன்தரும் ஒரு செய்தி. வேன் திடீரென வேகம் பிடிக்க மறுத்து ஒரே கியரில் முக்கி முனகினால், பெட்டி செத்துவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். கோளாறு ஏதேனும் கண்டால், மேலும் கெடாதிருக்கக் கணினி தானே வண்டியை ஒரு கியரில் பூட்டிவிடும். வீடு வந்து சேரலாம். அல்ட்ராடிரைவில் அது இரண்டாம் கியர். அதற்குக் காரணம், பெட்டியின் வெளிப்புறத்தில் திருகப்பட்டிருக்கும் வேகமறியும் சிறு சென்சாராகவும் இருக்கக்கூடும். அதன் விலை, பெட்டியின் விலைக்கு முன் ஒன்றுமேயில்லை! ஆகவே கணினியில் பதிந்துள்ள பழுதுக் குறியீட்டைப் படித்துக் காட்டாமல், "முழுப் பெட்டியையும் மாற்ற வேண்டும்" என்று சொல்லும் ஒர்க்‌ஷாப்பிலிருந்து சாவியை வாங்கிக்கொண்டு வேறிடம் செல்வதே நலம்.

எண்ணெயையும் பாருங்கள். சிவப்பாகத் தெளிந்திருந்தால் நன்று. கறுத்துத் தீய்ந்த வாடை வீசினால் உள்ளே கிளட்ச் கருகியிருக்கிறது. பால் கலந்த ரோஜா நிறமென்றால், ரேடியேட்டருக்குள் இருக்கும் எண்ணெய்க் குளிர்விப்பான் ஓட்டையாகி நீர் கலந்துவிட்டது. அத்துடன் ஒரு மைல்கூட ஓட்டக்கூடாது. முன்சக்கரங்களைத் தரையில் உருளவிட்டு இழுத்துச் செல்லவும் கூடாது. என்ஜின் நின்றிருந்தால் எண்ணெய் பம்பும் நின்றிருக்கும். உள்ளே உராய்வு மட்டுமே மிஞ்சும்.

(நம் நாட்டில் 2014-இல் மாருதி செலேரியோ வழியாகப் பரவிய ஏ.எம்.டி. வண்டிகளுக்கு இவை பொருந்தா. அவற்றில் இருப்பது சாதாரணக் கிளட்ச்சும் கியர் பெட்டியுமே. அவற்றை இயக்குவது மட்டும்தான் இயந்திரம்.)

பெட்டி மெய்யாகவே போய்விட்டால்? பழைய இரும்புச் சந்தையிலிருந்து எடுத்த பெட்டி மலிவு. ஆனால் அதற்கும் அதே நோய் இருக்கலாம். உத்தரவாதத்தோடு புதுப்பித்த பெட்டி விலை மிகுதி. இன்னும் ஐந்தாண்டு வைத்திருக்கப் போகும் வேனுக்கே அது தகும். வேனின் உடல் துருவேறி, என்ஜினும் தளர்ந்திருந்தால், பழுதை வெளிப்படையாகச் சொல்லி, வந்த விலைக்குக் கொடுத்துவிடலாம். எண்ணெயை மாற்றிப் பளபளப்பாக்கி, குறையை மறைத்து இன்னொரு குடும்பத்தின் தலையில் கட்டுவது நமக்கு ஹலாலான வியாபாரம் அன்று.

புதுப்பித்த பெட்டியைப் பொருத்தி வாங்கி வந்தபின், முதல் சில நாட்கள் கியர் மாறும்போது வண்டி குலுங்கினால் உடனே பதற வேண்டாம். கணினி புதிய கிளட்ச்சுகளின் பிடிப்பைப் பழகிக்கொள்ள அவகாசம் எடுக்கும். சில நூறு மைலுக்குப் பிறகும் குலுக்கல் நிற்கவில்லையென்றால், உத்தரவாதச் சீட்டோடு அதே கடைக்குத் திரும்பிச் செல்லுங்கள்.