சேர்ந்து நிறுத்தினால் நிற்கும்!

நம் சாலைகளில் எல்லா வாகனங்களும் இடப்பக்கமாகச் செல்கின்றன. நாளை ஒருவர் மட்டும் வலப்பக்கமாக ஓட்டினால் என்ன ஆகும்? விபத்துதான். ஆனால் 1967ஆம் ஆண்டு செப்டம்பர் 3ஆம் தேதி அதிகாலை 5 மணிக்கு சுவீடன் நாடே இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாறியது. தனி ஒருவரால் முடியாததை எல்லோரும் ஒரே நேரத்தில் சேர்ந்து செய்தார்கள்.

இந்த எளிய உண்மை, சிறுமிகளை ஒரு பெருந்தீங்கிலிருந்து காக்கவும் உதவி வருகிறது. அந்தத் தீங்கின் பெயர் பெண் உறுப்புச் சிதைப்பு.

அது என்ன?

மருத்துவக் காரணம் எதுவும் இல்லாமல், பெண்ணின் வெளிப்புறப் பிறப்புறுப்பை வெட்டுவதும் காயப்படுத்துவதும்தான் பெண் உறுப்புச் சிதைப்பு. ஊசியால் குத்துவது முதல், உறுப்பை வெட்டி மூடித் தைத்துவிடுவது வரை இதை நான்கு வகைகளாக உலகச் சுகாதார நிறுவனம் பிரித்துள்ளது. பெரும்பாலும் 15 வயதுக்குள் இது செய்யப்படுகிறது. முஸ்லிம்கள், கிறிஸ்துவர்கள், பிற நம்பிக்கையினர் எனப் பல சமூகங்களிலும் இவ்வழக்கம் காணப்படுகிறது.

2024இல் யுனிசெஃப் வெளியிட்ட கணக்கின்படி, இன்று உயிரோடிருக்கும் பெண்களிலும் சிறுமிகளிலும் 230 மில்லியனுக்கும் அதிகமானோர் இதற்கு ஆளானவர்கள். அவர்களில் 144 மில்லியனுக்கும் மேற்பட்டோர் ஆப்பிரிக்காவிலும் 80 மில்லியனுக்கும் மேற்பட்டோர் ஆசியாவிலும் உள்ளனர். நமது வட்டாரமும் இதற்கு விதிவிலக்கல்ல.

உடலுக்கு என்ன ஆகிறது?

உடலின் அந்தப் பகுதியில் நரம்பு முனைகளும் இரத்தக் குழாய்களும் நிறைய உள்ளன. அதனால் வலி கடுமையாக இருக்கும். இரத்தப்போக்கு உயிருக்கே ஆபத்தாகலாம். அசுத்தமான கத்தியால் கிருமித்தொற்றும் டெட்டனஸ் நோயும் வரலாம். காயம் ஆறினாலும் தொல்லை தீராது. தழும்புத் திசு, இயல்பான தோலைப் போல விரிந்து கொடுக்காது. எனவே சிறுநீர் கழிக்கும்போதும் மாதவிடாயின்போதும் பிரசவத்தின்போதும் சிக்கல்கள் வரலாம்.

ஆறு ஆப்பிரிக்க நாடுகளில், பிரசவத்துக்கு வந்த 28,000க்கும் அதிகமான பெண்களை உலகச் சுகாதார நிறுவனம் ஆராய்ந்தது. 2006இல் அதன் முடிவுகள் வெளிவந்தன. சிதைப்பு கடுமையாக இருந்த பெண்களுக்கு அறுவை சிகிச்சைப் பிரசவமும் அதிக இரத்தப்போக்கும் கூடுதலாக நேர்ந்தன. அவர்களுடைய குழந்தைகள் இறக்கும் ஆபத்தும் கூடுதலாக இருந்தது. மறுபக்கம், இவ்வழக்கத்தால் உடல்நலத்துக்கு எந்த நன்மையும் இல்லை. மருத்துவரே செய்தாலும் இது தவறுதான் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம்.

பிறகு ஏன் செய்கிறார்கள்?

மகளை நேசிக்கும் பெற்றோரே இதைச் செய்கிறார்கள் என்பதுதான் நம்மைத் திகைக்க வைக்கிறது. வெட்டப்படாத பெண்ணை யாரும் மணக்க மாட்டார்கள் என்று ஊரே நம்பும் இடத்தில், ஒரு தாய் மட்டும் மறுத்தால் அவள் மகள் ஒதுக்கப்படுவாள். தனியாக வலப்பக்கம் ஓட்டும் வாகனத்தின் நிலைதான் அவளுக்கும்.

அமெரிக்க அறிஞர் கெர்ரி மேக்கி 1996இல் இதைச் சீனாவின் பாதம் கட்டும் வழக்கத்தோடு ஒப்பிட்டார். அந்தச் சின்னஞ்சிறு காலணிகளை நீங்கள் மலாக்காவில் பார்த்திருக்கலாம். பல நூற்றாண்டுகள் நீடித்த அவ்வழக்கம், ஏறக்குறைய ஒரு தலைமுறைக்குள் மறையத் தொடங்கியது. எப்படி? பெற்றோர்கள் சங்கமாகச் சேர்ந்து இரண்டு உறுதிமொழிகள் எடுத்தார்கள்: "எங்கள் மகள்களின் பாதத்தைக் கட்ட மாட்டோம். பாதம் கட்டிய பெண்ணை எங்கள் மகன்களுக்கு மணமுடிக்க மாட்டோம்." இதனால் பாதம் கட்டாத பெண்களுக்கும் மாப்பிள்ளை கிடைத்தது, பெற்றோரின் பயம் போனது.

ஒரு கிராமம் காட்டிய வழி

மேற்கு ஆப்பிரிக்காவின் செனிகல் நாட்டிலும் இதேதான் நடந்தது. மலிகுண்டா பம்பாரா என்ற கிராமத்துப் பெண்கள், டொஸ்தான் என்ற அமைப்பு நடத்திய வகுப்புகளில் உடல்நலத்தையும் மனித உரிமைகளையும் பற்றிக் கற்றார்கள். 1997 ஜூலை 31ஆம் தேதி, இனி எங்கள் ஊரில் இவ்வழக்கம் இல்லை என்று செய்தியாளர்கள் முன்னிலையில் அறிவித்தார்கள். அக்கம்பக்கத்து ஊர்களில் கண்டனம் எழுந்தது.

அப்போது டெம்பா ஜாவாரா என்ற இமாம் ஓர் உண்மையை எடுத்துச் சொன்னார். பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் ஊர்கள் எல்லாம் சேர்ந்து முடிவெடுத்தால்தான் மாற்றம் நிலைக்கும் என்றார். உறவினர்களின் கிராமங்களுக்கு நடந்தே சென்று பேசினார். 1998 பிப்ரவரியில் 13 கிராமங்கள் கூட்டாக உறுதி எடுத்தன. 1999இல் செனிகல் இவ்வழக்கத்தைச் சட்டத்தால் தடை செய்தது. அதன்பின் ஆயிரக்கணக்கான கிராமங்கள் இந்த வழியில் சேர்ந்தன.

வேலை இன்னும் முடியவில்லை. செனிகலில் இதற்கு ஆளான பெண்கள் இன்னும் பலர் உள்ளனர். ஆண்டுதோறும் பிப்ரவரி 6ஆம் தேதியை இதற்கு எதிரான அனைத்துலக நாளாக ஐக்கிய நாட்டு நிறுவனம் கடைப்பிடிக்கிறது.

மாணவர்களே, உங்களுக்கோ உங்கள் தோழிக்கோ இப்படி நேரலாம் என்ற பயம் இருந்தால் மறைக்க வேண்டாம். நம்பிக்கைக்குரிய ஆசிரியரிடமோ பள்ளி ஆலோசகரிடமோ உடனே சொல்லுங்கள். ஏற்கெனவே நேர்ந்திருந்தால், அது அந்தச் சிறுமியின் குற்றமல்ல. மருத்துவ உதவி பெறலாம்.