சந்திரகிரியில் ஒரு நாள்



கோடை விடுமுறை வந்துவிட்டால் சென்னையிலும் பெங்களூரிலும் வாழ்கிற நம் குடும்பங்கள் பெட்டி படுக்கைகளுடன் சொந்த ஊர் நோக்கிப் புறப்படுகின்றன. முதல் நாள் பிள்ளைகளுக்குத் திருவிழா. இரண்டாம் நாள் கிணற்றையும் மாந்தோப்பையும் பார்த்து முடித்துவிடுகிறார்கள். மூன்றாம் நாள் அவர்கள் முகம் வாடிவிடுகிறது. எப்போது திரும்பிப் போவோம் என்று தாயின் முந்தானையைப் பிடித்து இழுக்கிறார்கள்.

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக நான் சென்னையில் ஊழியம் செய்து வந்தாலும் எனக்குச் சொந்த ஊர் சித்தூருக்கும் வேலூருக்கும் இடையே சாலையோரம் இருக்கிற குடிபாலாதான். கடந்த மே மாதத்தில் என் தம்பியின் குடும்பத்தாருடன் அங்கே சில நாட்கள் தங்கியிருந்தேன். பத்தாம் வகுப்பை முடித்திருந்த தம்பி மகன் ஒரு மாலையில் திண்ணையில் அமர்ந்துகொண்டு, "பெரியப்பா, நம் ஊரில் பார்ப்பதற்கு என்னதான் இருக்கிறது?" என்று கேட்டான். பள்ளியில் யாராவது அவனுடைய சொந்த ஊரைக் கேட்டால் "வேலூர்ப் பக்கம்" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வானாம். அதை அவன் தாயார் சிரித்துக்கொண்டே சொன்னார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஊரின் பெயரைச் சொல்லக் கூசுகிற பிள்ளை நாளைக்கு ஊரிலுள்ள பெரியவர்களைச் சொல்லவும் கூசுவான் அல்லவா?

அன்றிரவே ஒரு தீர்மானம் செய்தேன். ஒரு வாடகைக் காரை அமர்த்தி, வழிகாட்டி ஒருவரையும் எங்கள் குடும்பத்துக்கென்றே ஏற்பாடு செய்து, ஒரு முழு நாளைச் சந்திரகிரிக் கோட்டையில் செலவிடுவது என்பதே அத்தீர்மானம்.

தனி வழிகாட்டி எதற்கு?

"கைடு வைத்துக்கொள்வது வெள்ளைக்காரர்களுக்கும் பணக்காரர்களுக்கும் உரியது, நமக்கு எதற்கு வீண் செலவு?" என்று தம்பி தயங்கினான். வெளிநாட்டுப் பயணிகளிடத்தில் இவ்வழக்கம் உண்டென்பது மெய்யே. இத்தாலி தேசத்தின் பிளாரன்ஸ் நகரில் தங்குகிறவர்கள், ஏறக்குறைய எழுபது கிலோமீட்டர் தூரத்திலுள்ள சியன்னா என்னும் பழைய மதில் சூழ்ந்த ஊருக்கு ஒரு தனி வழிகாட்டியுடன் காலையில் சென்று மாலையில் திரும்புகிறார்கள். அந்நாட்டில் தேர்ச்சி பெற்று உரிமம் வாங்கியவரே வழிகாட்டியாகப் பணி செய்யலாம். குடிபாலாவிலிருந்து சந்திரகிரியும் ஏறத்தாழ அதே தூரம்தான். அவர்கள் ஆகாய விமானம் ஏறிப் போய்ச் செய்வதை, நாம் காலைப் பலகாரத்தை முடித்துக்கொண்டு செய்யலாம்.

அப்போஸ்தலர் நடபடிகளில் வருகிற எத்தியோப்பிய மந்திரியை எண்ணிப் பாருங்கள். கையில் சுருள் இருந்தது, வாசிக்கவும் தெரிந்திருந்தது. ஆனாலும் பொருளை விளக்கிச் சொல்ல ஒருவர் இரதத்தில் ஏறி அவர் பக்கத்தில் அமர வேண்டியிருந்தது. கற்களுக்கும் அப்படியே. விளக்குவார் இல்லாவிடில் கோட்டையும் இடிந்த சுவராகவே தோன்றும்.

திருப்பதியில் வசிக்கிற, பணி ஓய்வு பெற்ற சரித்திர ஆசிரியர் ஒருவர் நண்பர் மூலமாகக் கிடைத்தார். தெலுங்கர், தமிழும் நன்றாகப் பேசுவார். எத்தனை மணி நேரம், எந்த மொழி, எவ்வளவு கூலி, நுழைவுச் சீட்டும் மதிய உணவும் யார் பொறுப்பு என்பவற்றை முன்னதாகவே தொலைபேசியில் பேசி முடித்தோம். நாங்கள் வெள்ளிக்கிழமை வருவதாகச் சொன்னபோது, "ஐயா, அரண்மனைக்குள் இருக்கிற தொல்லியல் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. சனிக்கிழமை வாருங்கள்" என்று தடுத்தார். அந்த ஒரு சொல்லாலேயே அவருடைய கூலியில் பாதி எங்களுக்குத் திரும்பிவிட்டது.

வழியெங்கும் பாடம்

விடியற்காலையிலேயே புறப்பட்டோம். என் அக்காவையும் அழைத்துக்கொண்டோம். அறுபத்தைந்து வயதைக் கடந்தவர்கள். நாற்பது ஆண்டுகளாகத் திருப்பதிப் பேருந்தில் சந்திரகிரியைக் கடந்து போயிருக்கிறார்கள். ஒரு முறையேனும் இறங்கிப் பார்த்ததில்லை. சித்தூரைத் தாண்டியதும் சாலையின் இருபுறமும் மாந்தோப்புகள். சாறு பிழியும் தொழிற்சாலைகளுக்குப் போகிற கிளிமூக்கு மாங்காய்கள் கொத்துக் கொத்தாய்த் தொங்கின.

"நாம் தமிழ் பேசுகிறோம், பிறகு ஏன் ஆந்திராவில் இருக்கிறோம்?" என்று பையன் கேட்டான். நல்ல கேள்வி. சித்தூர் ஒரு காலத்தில் வட ஆற்காடு மாவட்டத்தின் தலைநகராக இருந்தது. 1911-ஆம் ஆண்டில் சித்தூர் தனி மாவட்டமாயிற்று. 1953-ல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது அதனோடு சேர்ந்தது. 1960-ல் எல்லை திருத்தப்பட்டுத் திருத்தணி அன்றைய சென்னை மாநிலத்துக்கு வந்தது. குடிபாலா ஆந்திரத்திலேயே நின்றது. 2022-ல் திருப்பதி தனி மாவட்டமாகி, சந்திரகிரி அதில் சேர்ந்தது. குடிபாலா சித்தூர் மாவட்டத்திலேயே இருக்கிறது. கோடுகள் நகர்ந்தன, வீடுகள் நகரவில்லை. இதைக் கேட்ட பிறகு பையன் ஜன்னல் வழியே பார்க்கத் தொடங்கினான்.

கோட்டைக்குள்ளே

கோட்டை வாசலில் ஆசிரியர் குடையுடன் காத்திருந்தார். அவர் அரசர்களின் பெயரை எடுக்கவில்லை. முதலில் பாறை மலையையும், அதன் அடிவாரத்தைச் சுற்றி வரும் பெருங்கல் மதிலையும் காட்டினார். "முதுகுக்கு மலை, முன்னே மதில். இடத்தைத் தெரிந்தெடுத்தவன் எப்படிச் சிந்தித்தான் என்று பாருங்கள்" என்றார்.

பின்பு ராஜ மஹால் என்னும் மூன்றடுக்கு அரண்மனைக்குள் அழைத்துச் சென்றார். வெளியே வெயில் தகித்தது. உள்ளே கால் வைத்ததும் உடல் குளிர்ந்தது. கல், செங்கல், சுண்ணாம்புச் சாந்து ஆகியவற்றால் கட்டப்பட்ட மாளிகை அது. கூரையைத் தாங்க மரமே பயன்படுத்தப்படவில்லை. வளைவுகள் மேற்கூரையின் பாரத்தை வாங்கித் தூண்களுக்கும் தடித்த சுவர்களுக்கும் இறக்கிவிடுகின்றன. அந்தத் தடிமனே வெப்பத்தையும் தடுக்கிறது. வளைவுகளில் இஸ்லாமியக் கட்டடக் கலையும், மேலேயுள்ள கோபுரங்களில் இந்துக் கட்டடக் கலையும் ஒன்றாய்ச் சேர்ந்திருப்பதை ஆசிரியர் விரல் நீட்டிக் காட்டினார்.

அதன் பிறகே அரசர்கள் வந்தார்கள். சந்திரகிரியிலிருந்து ஆண்ட சாளுவ நரசிம்மர் 1485-ல் விஜயநகரச் சிங்காசனத்தையே கைப்பற்றினார். 1565-ல் தலைக்கோட்டைப் போரில் விஜயநகரம் வீழ்ந்தபின், எஞ்சிய அரசு பெனுகொண்டாவுக்குச் சென்றது. வேங்கடபதி ராயர் காலத்தில், 1590-களில், சந்திரகிரி தலைநகராயிற்று. பின்னர் வேலூரும் தலைநகராக இருந்தது. ஆக, நம் குடிபாலா ஒரு பேரரசின் இரண்டு கடைசித் தலைநகரங்களுக்கு நடுவே கிடக்கிற ஊர்!

அதே வேங்கடபதி ராயரின் அவைக்கு 1600-ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் இயேசு சபைப் பாதிரிமார் வந்தனர் என்பதும், மாற்று மதத்தினராகிய அவர்களை அரசர் மரியாதையோடு வரவேற்றார் என்பதும் நம் வாசகர்கள் அறிந்துகொள்ளத் தக்கது.

ஒரு கதையும் ஒரு திருத்தமும்

தர்பார் மண்டபத்தில் நின்று ஆசிரியர் சற்றுக் குரலை உயர்த்தினார். "இதே மண்டபத்தில்தான் 1639-ல் ராஜா கையொப்பமிட்டுச் சென்னையை ஆங்கிலேயருக்குக் கொடுத்தார்!" பையனுடைய கண்கள் விரிந்தன. "நான் பிறந்த சென்னையா?"

எனக்கு மனம் உறுத்தியது. அவர் என்னிலும் மூத்தவர். பிள்ளைகள் முன்னே அவரைத் திருத்துவது முறையாகாது. உணவு வேளையில் அவரைத் தனியே அழைத்து, "ஐயா, 1639-ல் ஆங்கிலேயக் கம்பெனியின் பிரான்சிஸ் டேவுக்கு இடம் கொடுத்தவர் தாமர்ல வேங்கடாத்திரி நாயக்கர் அல்லவா? அரசராகிய ஸ்ரீரங்கராயர் அதை உறுதிப்படுத்தியது 1645-ல் அல்லவா?" என்று கேட்டேன்.

அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "உண்மைதான் ஐயா. வருகிறவர்கள் அரை மணி நேரத்தில் போய்விடுகிறார்கள். அவர்களுக்காகச் சுருக்கிச் சுருக்கிச் சொல்லி, அந்தச் சுருக்கமே என் வாயில் பாடமாகிவிட்டது. ஒரு முழு நாளைக் கொடுத்த உங்களுக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றார். சாப்பாடு முடிந்ததும் பையனை அருகே அழைத்து, தாம் முன்பு சொன்னது பிசகு என்று தாமே சொல்லி, நடந்ததை முறையாக விளக்கினார். நாயக்கரின் தந்தை சென்னப்பர் பெயரால் சென்னப்பட்டினம் எழுந்ததையும், 1640-ல் புனித ஜார்ஜ் கோட்டையின் வேலை தொடங்கியதையும், பத்திரத்தை உறுதி செய்த மறு ஆண்டே, 1646-ல், சந்திரகிரி கோல்கொண்டா படையின் கையில் விழுந்ததையும் சொன்னார். பேரரசு மறைந்தது, கடலோர மணல்மேட்டில் முளைத்த கடை பெருநகரமாயிற்று. நம் ஊர்களின் பிள்ளைகளையெல்லாம் பிழைப்புக்காகத் தன்னிடம் இழுத்துக்கொண்ட அதே நகரம்!

எந்த அறை, எந்த மேசை என்பது கதைக்கு அலங்காரம். யார் கொடுத்தார், எப்போது கொடுத்தார் என்பதே சரித்திரம். பிள்ளை முன்பாகத் தம் தவற்றை ஒப்புக்கொண்ட அந்த ஆசிரியரைப் பார்த்து நான் வெட்கமடைந்தேன். பிரசங்கம் சுவைப்பதற்காக, சரிபார்க்காத சம்பவங்களை நானும் பீடத்திலிருந்து சொன்னதுண்டு. விளக்கிச் சொல்லும் பொறுப்பு யார் கையில் இருக்கிறதோ, அவர் நாவுக்கு அதிக கணக்கு உண்டு.

அக்காவின் கேள்வி

மாலையில் ராணி மஹால் அருகே நிழலில் அமர்ந்திருந்தோம். அதுவரை அதிகம் பேசாத அக்கா, "ஏனய்யா, இத்தனை கல்லைச் சுமந்தவர்களுக்கு என்ன கூலி கொடுத்தார்கள்?" என்று கேட்டார்கள். இளவயதில் கட்டட வேலைக்குச் சித்தாளாகச் சென்று செங்கல் சுமந்தவர்கள் அவர்கள். ஆசிரியர், "முப்பது வருஷம் சரித்திரம் நடத்தினேன் அம்மா. இந்தக் கேள்வியை ஒரு மாணவனும் என்னிடம் கேட்கவில்லை" என்றார். என் தம்பி மகன் அத்தையின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். திரும்பி வரும்போது காரில் அவன் அத்தையின் பக்கத்தில் அமர்ந்து, எந்தெந்த ஊரில் என்னென்ன கட்டடங்களுக்குச் செங்கல் சுமந்தீர்கள் என்று கேட்டுக்கொண்டே வந்தான். சித்தூர் வருமட்டும் அவர்கள் பேச்சு ஓயவில்லை.

நீங்களும் சென்று வாருங்கள்

விடுமுறைக்கு ஊர் திரும்பும் பெற்றோர்களே, ஒரு நாளை இதற்கென்று ஒதுக்குங்கள். இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்தால் செலவு பகிர்ந்துபோகும். கோடையில் காலை வேளையிலேயே போய்ச் சேருங்கள். குடிநீரும் குடையும் அவசியம். முதியோரை வீட்டில் விட்டுச் செல்லாதீர்கள். அவர்கள் உட்கார்ந்து இளைப்பாற நேரம் கொடுத்து மெதுவாகச் சுற்றுங்கள். வழிகாட்டியிடம் கேள்வி கேளுங்கள். பேசின கூலியைக் குறைக்காமல் கொடுங்கள்.

குடிபாலாவுக்கு இன்னும் அருகே வேலூர்க் கோட்டை இருக்கிறது. 1806 ஜூலை 10-ல் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த இடம் அது. தஞ்சைப் பக்கத்தாருக்குத் தரங்கம்பாடி உண்டு. 1706-ல் சீகன்பால்க் கரையிறங்கிய அவ்வூரில் 1718-ல் கட்டப்பட்ட ஆலயம் இன்றும் நிற்கிறது. உங்கள் ஊருக்கு அருகேயும் ஏதோ ஒன்று உங்கள் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும்.

பள்ளி திறந்த வாரத்தில் தம்பி தொலைபேசியில் அழைத்தான். புதிய வகுப்பில் ஒவ்வொரு மாணவனும் எழுந்து தன் சொந்த ஊரைச் சொல்ல வேண்டியிருந்ததாம். பையன் "குடிபாலா" என்றானாம். அது எங்கே இருக்கிறது என்று ஆசிரியை கேட்டதற்கு, "சந்திரகிரிக்கும் வேலூருக்கும் நடுவே, டீச்சர்" என்றானாம்.

கர்த்தர் உங்கள் குடும்பங்களையும் உங்கள் பயணங்களையும் ஆசீர்வதிப்பாராக.