இரு தலைமுறை வாசிப்பு வட்டம்

வாசிப்பு வட்டம் என்பது ஒரே நூலைப் பலரும் படித்துவிட்டு வந்து கூடிப் பேசும் ஏற்பாடு. கொழும்பில் தமிழ் நூல்களைப் பற்றிய பேச்சுக்கு நெடுங்கால இருப்பிடம், வெள்ளவத்தை 57ஆம் ஒழுங்கையில் நூலகத்தோடு இயங்கும் கொழும்புத் தமிழ்ச் சங்கம். 1942இல் தொடங்கிய இச்சங்கம் ‘அறிவோர் ஒன்றுகூடல்’ என்ற பெயரில் புதன்கிழமைக் கூட்டங்களை நடத்திவந்திருக்கிறது. நுகேகொடை போன்ற புறநகர்களில் இருப்போருக்கும் வெள்ளவத்தை எட்டாத தூரமல்ல.

வயது கலந்த வாசிப்புக்கு இங்கே தனித் தேவை உண்டு. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. தமிழருக்கு எதிரான 1983 கலவரத்தில் கொழும்பு வீடுகளோடு புத்தகங்களும் போயின. ஆனால் அவற்றை வாசித்தவர்களின் நினைவு எஞ்சியிருக்கிறது. 1966இல் டொமினிக் ஜீவா தொடங்கிய ‘மல்லிகை’ இதழைக் காத்திருந்து வாங்கிய மூத்தவர்களுக்கு, ஒரு கதை வந்தபோது எழுந்த சண்டைகூட நினைவிருக்கும். இளையவர்களோ பழைய இதழ்களை, 2005இல் உருவான நூலகம் என்ற எண்ணிம நூலகத்தில் தேடி, கைபேசியிலேயே வாசித்துவிடுகிறார்கள். ஒருவரிடம் பின்னணி, மற்றவரிடம் பிரதி. பெரியவர் பேச்சு விரிவுரையாகிவிடுவதுதான் இத்தகைய கூட்டங்களின் பழைய வியாதி. முதல் வாய்ப்பை இளையவருக்குக் கொடுத்தால் அது பாதி தீரும்.

புதிதாகத் தொடங்குவோர் நாவலை விட்டு, ஒரு சிறுகதையை எடுத்துக்கொள்ளலாம். கூடுவதற்கு, விடுமுறையான போயா (பௌர்ணமி) தினம் வசதி.